துறவியின் இசையும் மேதையின் பெயரும்

ஒரு நூலைக் கையில் எடுப்போர் முதலில் நோக்குவது அதனை ஆக்கியோன் பெயரையே. பெயர் பெரிதாயின், நூலைத் திறக்குமுன்னரே உள்ளத்தில் ஒரு மதிப்புப் பிறந்துவிடுகின்றது. பெயர் அறியாததாயின், நூல் பல வேளைகளில் திறக்கப்படாமலே போய்விடுகின்றது. இசைக்கும் இஃது ஒக்கும். மேனாட்டு இசை வரலாற்றிலே ஆறு படைப்புகள் ஏறக்குறைய 190 ஆண்டுகள் ஒரு மேதையின் பெயரால் போற்றப்பட்டு, பின்னர் அவை அவருடையவை அல்ல என்று அறியப்பட்டன. அந்த மேதையின் பெயர் யோசப் ஹைடன். அப்பெயரின் நிழலில் மறைந்து கிடந்தவர் றோமன் ஹொப்ஸ்டெற்றர் என்னும் ஜேர்மன் நாட்டுத் துறவி. அந்த ஆறு படைப்புகளின் கதை இசையைப் பற்றிய கதை மாத்திரமன்று. பெயரைக் கண்டு மதிப்பிடும் மனித இயல்பைப் பற்றிய கதையுமாகும்.

அப்படைப்புகள் ‘நால்வர் இசை’ என்னும் வகையைச் சேர்ந்தவை. மேனாட்டார் இதனை ‘ஸ்ட்றிங் குவாட்டெற்’ என்பர். இரண்டு வயலின்கள், வயலினினும் சற்றுப் பெரிதாய்த் தாழ்ந்த குரலுடைய ஒரு வியோலா, முழங்கால்களுக்கு இடையே நிறுத்தி வாசிக்கப்படும் ஒரு செல்லோ ஆகிய நான்கு நரம்புக் கருவிகளுக்கென எழுதப்படுவது அது. அங்கே பாடகர் இல்லை. தாளக் கருவி இல்லை. கைகாட்டி நடத்தும் நெறியாளரும் இல்லை. நால்வரும் ஒருவர் மூச்சை ஒருவர் அறிந்து வாசித்தல் வேண்டும். நான்கு அறிவுடையோர் தம்முள் உரையாடுவதைக் கேட்பது போன்றது இது என்று ஜேர்மானியப் பெருங்கவிஞர் கேதே, 1829இல் தம் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் ஒப்புமை கூறினார்.

இவ்விசை வகையின் தந்தை என்று ஹைடனைக் கூறுவது மரபு. 1732இல் ஒஸ்திரியாவின் றோராவு என்னும் சிற்றூரில், வண்டிச் சக்கரம் செய்யும் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்த அவர், 1761இல் எஸ்டர்ஹாசி என்னும் பெருஞ்செல்வப் பிரபு குடும்பத்தின் இசைப் பணியில் அமர்ந்தார். அவ்வேளை எழுதப்பட்ட ஒப்பந்தத்திலே, அவர் இயற்றும் இசை பிரபுவுக்கே உரியது என்றும், அனுமதியின்றி வேறெவருக்கும் அதனைக் கொடுத்தல் ஆகாது என்றும் விதிக்கப்பட்டிருந்தது. 1779இல் புதிய ஒப்பந்தம் எழுதப்பட்டபோதே அத்தளை நீங்கியது. ஆயினும் இசையைத் தளையிட்டு வைத்தல் எளிதோ? கையெழுத்துப் பிரதிகள் மடத்துக்கு மடம், அரண்மனைக்கு அரண்மனை, நகருக்கு நகர் பரவின. வியன்னா, பாரிஸ், அம்ஸ்டர்டாம், இலண்டன் ஆகிய நகரங்களில் ஹைடனின் பெயர் விற்பனையாகும் பெயராயிற்று.

விற்பனையாகும் பெயர் உள்ள இடத்தில் போலிப் பண்டம் தோன்றுதல் வணிக உலகின் பழைய வழக்கு. ஒரு நாட்டில் எழுதிய இசையை இன்னொரு நாட்டில் எவரும் அச்சிடலாம். தட்டிக் கேட்கும் சட்டம் இல்லை. பிறர் எழுதிய இசையின் மேல் ஹைடன் என்று பொறித்தால், அது விரைந்து விலைபோகும். இவ்வாறு அவர் எழுதாத பல சிம்பொனிகளும் பல நால்வர் இசைகளும் அவர் பெயரைச் சூடி உலாவின. தம் பெயரால் வெளிவருவன யாவை என்று அறிவதற்கும், தூர நாட்டுப் பிரபு மாளிகையில் பணிபுரிந்த அவருக்கு வழி இருக்கவில்லை.

இத்தகைய சூழலிலே, 1777இல் பாரிஸ் நகரத்துப் பதிப்பாளர் அந்துவான் பாயோ என்பவர் ஆறு நால்வர் இசைகளை ஒரு தொகுதியாக வெளியிட்டார். ஹைடனின் 26ஆம் தொகுதி என்று அதன் மேல் பொறித்திருந்தார். விற்றது, வாசித்தார்கள், மகிழ்ந்தார்கள். அவ்வளவோடு நின்றிருந்தால், அக்காலத்துப் போலிகள் பலவற்றைப் போல அதுவும் மறக்கப்பட்டிருக்கும். ஆனால் அதன் விதி வேறாயிற்று.

ஹைடனிடம் இளமையில் இசை பயின்றவர் இக்னாஸ் பிளையெல். பின்னாளில் பாரிஸில் பதிப்பகம் நிறுவிய அவர், தம் ஆசிரியரின் நால்வர் இசைகள் அனைத்தையும் ஒருங்கே திரட்டி, 1801 முதல் வெளியிடத் தொடங்கினார். அந்தத் திரட்டில் பாயோ வெளியிட்ட ஆறும் இடம்பெற்றன. ஹைடனின் முதலிரு தொகுதிகளை அடுத்து அவை வைக்கப்பட்டமையால், ‘மூன்றாம் தொகுதி’ என்ற எண் அவற்றுக்கு நிலைத்தது. மாணாக்கர் ஒருவரே சான்று கூறியபின் ஐயுறுவார் யார்?

அதன்பின் இன்னொரு முத்திரையும் விழுந்தது. 1805இல், முதுமையால் தளர்ந்திருந்த ஹைடனுக்காக, அவருடைய எழுத்தரும் பணியாளருமாகிய யோகான் எல்ஸ்லர் என்பவர் படைப்புகளின் பட்டியல் ஒன்றைத் தொகுத்தார். நால்வர் இசைகளைப் பொறுத்தவரையில், பிளையெல்லின் திரட்டையே அப்பட்டியல் பின்பற்றிற்று. இவ்வாறு பதிப்பாளரின் பொய் மாணாக்கரின் திரட்டில் ஏறிற்று. திரட்டிலிருந்து ஆசிரியரின் சொந்தப் பட்டியலிலே புகுந்தது. ஹைடனே ஏற்றுக்கொண்ட பட்டியலில் இருப்பதை ஹைடன் எழுதவில்லை என்று கூறும் துணிவு அடுத்த ஒன்றரை நூற்றாண்டுக் காலம் எவருக்கும் எளிதில் வரவில்லை. 1957இல் அந்தனி வான் ஹொபோக்கன் வெளியிட்ட, இன்றும் அறிஞர் பயன்படுத்தும் ஹைடன் படைப்பு அட்டவணையிலும், நால்வர் இசைகளுள் 13 முதல் 18 வரையுள்ள எண்கள் இவற்றுக்கே வழங்கப்பட்டன.

மூன்றாம் தொகுதியின் புகழுக்குக் காரணம் பெரும்பாலும் அதன் ஐந்தாம் படைப்பே. அதன் இரண்டாம் பகுதி ‘செறனேட்’ என்று உலகெங்கும் வழங்கலாயிற்று. செறனேட் என்றால் மாலை வேளையில் காதலியின் சாளரத்தின் கீழ் நின்று பாடும் பாட்டு. இங்கே முதல் வயலின், ஒலியை மென்மையாக்கும் சிறு கட்டை ஒன்று மேலே பொருத்தப்பட்ட நிலையில், தனியே பாடுகின்றது. மற்றை மூன்று கருவிகளும் வில்லை விடுத்து, வீணையை மீட்டுவது போல விரல்களால் நரம்புகளைச் சுண்டுகின்றன. பாடுவோன் ஒருவன், அவன் பின்னே மெல்லென மீட்டும் கருவி ஒன்று. நான்கு நரம்புக் கருவிகளைக் கொண்டே இக்காட்சி முழுவதும் அமைந்துவிடுகின்றது. அதில் ஆழ்ந்த தத்துவம் இல்லை. கடினமான பின்னல் வேலையும் இல்லை. ஆயினும் ஒருமுறை கேட்டவர் மறவார். வேறு பல கருவிகளுக்கும் அதனை மாற்றி அமைத்து வாசித்தனர். ஹைடனின் பெரும் படைப்புகளை அறியாத பலரும் ‘ஹைடனின் செறனேட்’ என்பதை அறிந்திருந்தனர்.

பொதுமக்கள் சுவைத்தனர், வரலாற்றாசிரியர்களோ அதன் மேல் ஒரு கோட்டையே கட்டினர். ஹைடனின் முதல் இரு தொகுதிகளில் ஐந்து பகுதிகள் கொண்ட எளிய பொழுதுபோக்கு இசையே காணப்படுகின்றது. 1770ஆம் ஆண்டை ஒட்டி எழுந்த ஒன்பதாம் தொகுதியிலோ நான்கு பகுதிகள் கொண்ட முதிர்ந்த அமைப்புத் தோன்றிவிட்டது. இடையில் நடந்தது யாது? மூன்றாம் தொகுதியில் பெரும்பாலும் நான்கு பகுதிகள் இருந்தமையால், ‘இதோ, இடைப்பட்ட படி’ என்று அறிஞர் அதனைக் காட்டினர். நால்வர் இசை பிறந்து வளர்ந்த ஏணியிலே இல்லாத படி ஒன்று இவ்வாறு பொருத்தப்பட்டது. ஒரு பொய்ப் பெயர் ஒருவரின் உரிமையைப் பறிப்பதோடு நில்லாது, வரலாற்றையே கோணச் செய்துவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஐயம் அரும்பியது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். ஹைடனின் கையெழுத்தில் இந்த ஆறில் ஒன்றேனும் இல்லை. அவருக்கு நெருங்கிய பிரதி எழுத்தர் எவருடைய பிரதியும் இல்லை. ஹைடன் தம் நடுவயதில் தாமே எழுதிவந்த குறிப்புப் பட்டியலிலும் இவை இடம்பெறவில்லை. ஹங்கேரிய அறிஞர் லாஸ்லோ சோம்பாய் இசையின் நடையை ஆராய்ந்து, இது ஹைடனின் கை அன்று என்ற கருத்தை வலியுறுத்தினார். ஹைடன் ஒரு சிறு சுரக்கோவையை எடுத்தால் அதனை உடைத்து, திருப்பி, நால்வரிடையும் பகிர்ந்து, எதிர்பாராத இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவார். மூன்றாம் தொகுதியிலோ இனிய இராகக் கோவைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. முதல் வயலின் பாட, ஏனையவை பெரும்பாலும் துணை நிற்கின்றன. ஆயினும் நடையைக் கொண்டு மாத்திரம் வழக்கை முடித்தல் அரிது. கண்ணாற் காணும் சான்று வேண்டியிருந்தது.

அச்சான்று 1964இல் வெளிவந்தது. பிரித்தானியராகிய அலன் டைசன், அமெரிக்கராகிய எச். சி. றொபின்ஸ் லான்டன் என்னும் இருவர், இலண்டனில் வெளிவந்த ‘மியூசிக்கல் டைம்ஸ்’ என்ற இதழில், மூன்றாம் தொகுதியை இயற்றியவர் யார் என்று வினவும் கட்டுரை ஒன்றை எழுதினர். டைசன் உளப்பகுப்புத் துறையில் பயிற்சி பெற்றவர். பழைய தாள்களையும் அச்சுப் பிரதிகளையும் நுணுகி ஆராய்வதில் வல்லவர். லான்டனோ தம் வாழ்நாளின் பெரும்பகுதியை ஹைடன் ஆராய்ச்சிக்கே அளித்தவர்.

அவர்கள் கண்டதை விளங்கிக்கொள்ளுதற்கு அக்காலத்து இசை அச்சு முறையை அறிதல் வேண்டும். இசைக் குறிகளையும் எழுத்துகளையும் உலோகத் தகட்டிலே உளியால் வெட்டியும் முத்திரைகளால் தட்டியும் பொறிப்பர். அத்தகட்டில் மை பூசித் தாளை அழுத்தி அச்செடுப்பர். பிழை நேர்ந்தால், தகட்டின் பின்புறத்தைத் தட்டி, முன்புறத்தை மெருகிட்டுச் சமப்படுத்தி, மீண்டும் பொறிப்பர். ஆயினும் அழித்த எழுத்து முற்றாக மறைவதில்லை. தாளில் அதன் மங்கிய சாயல் எஞ்சிவிடும். பாயோவின் பதிப்பிலே, முதல் இரு நால்வர் இசைகளின் தலைப்பில் அத்தகைய சாயல் தெரிந்தது. உற்று நோக்கினால், அழிக்கப்பட்ட பெயரை வாசிக்க முடிந்தது. அது ‘சிஞ்ஞோர் ஹொப்ஸ்டெற்றர்’ என்பதாகும்.

பதிப்பாளர் உண்மையான பெயரை அறியாமல் பிழை செய்யவில்லை. அறிந்திருந்தார், பொறிக்கவும் செய்தார், பின்னர் அழித்தார். அந்த அழிப்பே அவரைக் காட்டிக்கொடுத்தது.

யார் அந்த ஹொப்ஸ்டெற்றர்? றோமன் ஹொப்ஸ்டெற்றர் 1742இல் தென்ஜேர்மனியில் லவுடன்பாக் என்னும் ஊரில் பிறந்தவர். 1763இல் அமோர்பாக் நகரிலுள்ள புனித பெனடிக்ற் சபை மடத்திற் சேர்ந்து, பின்னர் குருப்பட்டம் பெற்றார். ஓடன்வால்ட் என்னும் காட்டுமலைப் பகுதியில் அமைந்த அந்த மடம் இசைக்குப் பெயர்போனது. ஸ்டும் என்னும் புகழ்பெற்ற குடும்பத்தார் அமைத்த பெரிய ஓகன் அங்கே 1782இல் நிறைவுற்றது. அதனை இன்றும் காணலாம்; கேட்கலாம். அம்மடத்தில் நாட்கடமையாக வழிபாட்டையும், வழிபாட்டின் ஒரு பகுதியாக இசையையும் கொண்டு ஹொப்ஸ்டெற்றர் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தார். திருப்பலிக்குரிய பாடலிசைகளையும், வியோலாவைத் தனிக்குரலாகக் கொண்ட கொன்சேட்டோக்களையும், நால்வர் இசைகளையும் இயற்றினார். நால்வர் இசைகளுள் சில அம்ஸ்டர்டாமிலும் மான்ஹைமிலும் அவர் பெயராலேயே அச்சாயின.

அமோர்பாக்குக்கு அணித்தாய், மைன் நதிக்கரையில் உள்ளது மில்டன்பேர்க். அவ்வூரில் 1756இல் பிறந்த யோசப் மாட்டின் கிறவுஸ் என்னும் இசையறிஞர் ஹொப்ஸ்டெற்றரின் நண்பர். கிறவுஸ் சுவீடன் நாட்டு மன்னரின் அரசவையில் உயர்நிலை பெற்று, 1792இல் ஸ்டொக்ஹோமில் இளவயதிலேயே மறைந்தார். அவரது வரலாற்றை எழுத விரும்பிய சுவீடன் நாட்டு இராசதந்திரி சில்வெர்ஸ்டொல்பே, நண்பரைப் பற்றிய நினைவுகளைக் கேட்டு முதிய துறவிக்குக் கடிதம் எழுதினார். 1800ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் துறவி அனுப்பிய விடைகள் எஞ்சியுள்ளன. நண்பரைப் பற்றி எழுதப் புகுந்தவர், ஓரிடத்தில் தம்மையும் அறியாமல் தம்மைப் பற்றிய சான்றொன்றை விட்டுச் சென்றார். ஹைடன் எழுதுவதெல்லாம் தமக்கு அழகாகத் தோன்றுகின்றதென்றும், அது நினைவில் ஆழப் பதிந்துவிடுவதால் இயன்ற அளவில் இடைக்கிடை அதனைப் பின்பற்றாமல் இருக்க இயலவில்லை என்றும் அவர் எழுதினார்.

இதனைச் சற்றே நினைத்துப் பார்த்தல் வேண்டும். கடிதத்தைப் பெற்ற சில்வெர்ஸ்டொல்பே வியன்னாவில் ஹைடனோடு நேரிற் பழகியவர். ஏறக்குறைய அதே ஆண்டுகளில்தான் பாரிஸில் பிளையெல், அந்த ஆறு படைப்புகளையும் ஹைடனின் திரட்டிலே சேர்த்துக்கொண்டிருந்தார். ஆசானைக் காணாமலே ஆசானாகக் கொண்ட மாணாக்கர் ஒருவர், ‘நான் அவரைப் பின்பற்றுகிறேன்’ என்று அடக்கத்தோடு ஒப்புக்கொள்கின்றார். அவர் பின்பற்றியதையே உலகம் மூலம் என்று கொண்டாடிக்கொண்டிருக்கின்றது.

1803இல் ஜேர்மனியில் மடங்களின் உடைமைகள் அரசர்களால் கைப்பற்றப்பட்டபோது அமோர்பாக் மடமும் கலைக்கப்பட்டது. ஹொப்ஸ்டெற்றர் மில்டன்பேர்க்கிற்குச் சென்று, 1815இல் அங்கே மறைந்தார். அவர் பெயர் மறைவதற்கு ஓர் அச்சாளரின் உளி மாத்திரம் காரணமன்று. அவரைத் தாங்கிய மடமே இல்லாது போயிற்று. பெயரை நினைவுகூர மாணாக்கர் பரம்பரையும் இல்லை.

இங்கே நடுநிலையாளர் கூறும் எச்சரிக்கை ஒன்றையும் மறைத்தல் தகாது. அழிக்கப்பட்ட பெயரின் சாயல் தெரிவது முதல் இரண்டு நால்வர் இசைகளில் மாத்திரமே. ஏனைய நான்கும், புகழ்பெற்ற செறனேட் உட்பட, அவற்றோடு ஒரே தொகுதியில் வந்தமையாலும் நடை ஒப்புமையாலும் அவருக்கு உரியனவாகக் கொள்ளப்படுகின்றன. மேலும், தலைப்பில் இருப்பது குடும்பப் பெயர் மாத்திரம். றோமனுக்கு யோகான் உர்பான் அலோய்ஸ் என்ற இரட்டைச் சகோதரர் ஒருவர் இருந்தார். அவரும் இசை இயற்றியவர். 1968இல் ஹுபேர்ட் உன்வெறிக்ற் என்னும் ஜேர்மன் அறிஞர் இருவர் படைப்புகளையும் பிரித்தறிய ஒரு தனி நூலே எழுதவேண்டியதாயிற்று. ஆதலின் கவனமுள்ள ஆய்வாளர், ‘றோமன் ஹொப்ஸ்டெற்றர் இயற்றியதாகக் கொள்ளப்படுவது’ என்றே எழுதுவர். ஒரு பொய்யுறுதியை நீக்கிய ஆராய்ச்சி, அதன் இடத்தில் இன்னொரு மிகையுறுதியை வைக்க விரும்பவில்லை. இது தளர்ச்சியன்று, நேர்மை.

கண்டுபிடிப்புக்குப் பின் நிகழ்ந்தது யாது? ஹைடனின் நால்வர் இசைகள் 83 என்று நெடுங்காலம் எண்ணப்பட்டு வந்தன. போலியானவற்றையும், வேறு வகை இசையிலிருந்து மாற்றியமைக்கப்பட்டவற்றையும் நீக்கி, விடுபட்ட ஒன்றைச் சேர்த்து, அறிஞர் இன்று 68 என்று கணக்கிடுவர். மூன்றாம் தொகுதி என்ற இடம் வெறுமையாயிற்று. ஹைடனின் நால்வர் இசைகளை முழுமையாக ஒலிப்பதிவு செய்யும் குழுக்களுட் சில அதனை விட்டுவிட்டன. சில, ஹொப்ஸ்டெற்றரின் பெயரை உடன்குறித்துச் சேர்த்துக்கொண்டன. ஆனால் நேற்றுவரை ‘இளம் மேதையின் மலர்ச்சி’ என்று போற்றப்பட்ட இசை, இன்று ‘சிறு இசையாளரின் எளிய முயற்சி’ என்று சிலரால் தள்ளப்பட்டது. அதே சுரங்கள், அதே நான்கு கருவிகள், அதே மாலைப் பாட்டு. மாறியது பெயர் ஒன்றே.

இதிலே இரு பக்க நியாயங்கள் உள. நால்வர் இசையின் வளர்ச்சியை ஆராய்பவனுக்குப் பெயர் இன்றியமையாதது. யார், எப்போது, எங்கே எழுதினார் என்பது பிழைத்தால் வரலாறு முழுவதும் பிழைக்கும். மூன்றாம் தொகுதி ஹைடனின் முதிர்ந்த படைப்புகளுக்கு நிகரன்று என்பதும் உண்மையே. அதனை மறைத்தல் ஹொப்ஸ்டெற்றருக்குச் செய்யும் நன்மையாகாது. ஆயினும் ஒரு மடத்தின் அமைதியிலே, பிறிதொருவரின் கலையைக் காதலித்த ஒருவர், தம் ஆற்றலுக்கேற்ப ஆக்கிய அழகிய பொருள் என்று அதனைக் கேட்டால், அதன் இனிமை சிறிதும் குறைவதில்லை. மேதையின் படைப்பாக இருந்தபோது அதனிடம் நாம் எதிர்பாராத ஒன்றும் இப்போது புலப்படுகின்றது. பெரிய கலைஞர் ஒருவர் தனித்துத் தோன்றுவதில்லை; அவரைச் சூழ, அவரைப் போல எழுத முயன்று, ஓரொரு வேளை அதில் வெற்றியும் பெற்ற பலர் இருந்தனர் என்பதே அது.

நம் செவிக்கு வரும் இசையுடன் அறிவிப்பாளர் கூறும் பெயரும் வருகின்றது. பெயரை முதலில் கேட்டுப் பின்னர் இசையைக் கேட்பது நம் வழக்கமாகிவிட்டது. பாயோ என்ற பதிப்பாளர் அறிந்து பயன்படுத்தியதும் இந்த வழக்கத்தையே. அவர் ஏமாற்றியது வாங்கியவரின் செவியையன்று. செவிக்கு முன்னே தீர்ப்பளித்துவிடும் அவர் மனத்தையே. வில்லை விடுத்து மூன்று கருவிகள் மெல்ல மீட்ட, முதல் வயலின் தனியே பாடும் அந்த மாலைப் பாட்டு இனி ஒருநாள் ஒலிக்குமாயின், அதனைக் கேட்டு முடித்தபின் ஆக்கியோன் பெயரை வினவுதல் நன்று. தகட்டில் ஒரு பெயர் அழிக்கப்பட்டது. அதன் கீழே பொறித்திருந்த இசையை எவராலும் அழிக்க இயலவில்லை.